சினை நண்டும் சீர்த்தட்டும்

பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் சின்ன வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்துச் சிறுவன் ஒருவனின் ஜாமீன் வழக்கில் நீதிபதிகள் சஞ்சய் குமார், அலோக் அராதே அமர்வு சொன்னது. இந்த வாரம் இதைத்தான் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ராமநாதபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

எனக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஆகாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கண்ணீர் அஞ்சலியில் தொடங்கிக் காதுகுத்து வரை இந்தப் பத்தியில் திட்டித் தீர்த்தாயிற்று. இது பூப்புனித நீராட்டு விழா. அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. பட்டுச்சேலை, ஒட்டியாணம், உதட்டில் சாயம். சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்மார், ஓரத்தில் கும்பிட்டபடி ஒரு கட்சிக்காரர். அவருக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இதையெல்லாம் வெளியில் பேசுவது நம் பழக்கமில்லை என்கிறவர்களை அந்த ஃப்ளெக்ஸுக்கு அடியில் நிற்க வைத்துப் பேசச் சொல்லலாம். மைக்செட் கட்டி ஊருக்கே சொல்கிறோம். சீர்த்தட்டு எத்தனை, யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். குறுக்கே உலக்கையைப் போட்டுத் தனித்தட்டு வைக்கிறார்கள், அது எனக்கு ஆகாது. அப்புறம், "இனிமே பயலுகளோட சேந்து வெளையாடாத." அத்தோடு பாடம் முடிந்தது. ஏன் என்று கேட்டால் தலையில் ஒரு குட்டு. நம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறப்பதற்குள் பாதிப் பிள்ளைகளுக்குச் சடங்கு சுற்றி முடிந்துவிடுகிறது.

இவ்வளவு கூச்சம் பிடித்த ஊரா இது? பாம்பனில் ஒரு வீட்டு வாசலில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது, பத்து வயதுப் பயல் ஒருவன் அப்பத்தாவோடு உட்கார்ந்திருந்தான். கொடுக்கு கவ்வாமல் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, வயிற்றுப்பக்கம் திருப்பிப் பார்க்கிறான். அங்கே மடிந்திருக்கும் மூடி குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். ஒன்றைத் திருப்பி எனக்குக் காட்டினான். மூடிக்கடியில் மஞ்சளாகச் சினை. "இது இன்னும் நாளாகும். கறுத்துருச்சுன்னா குஞ்சு பொரிக்கப் போவுதுன்னு அர்த்தம்." அப்பத்தா அவனை அதட்டவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுடா" என்றார்.

கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் அன்றாடம். பக்கத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010இல் கடல் விராலைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். மீனுக்குப் போட்ட ஊசியில் இருந்தது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழ வைப்பதும் அதுதான். மீன் கதையாகச் சொன்னால் டீக்கடையில் நாலு பேர் காது கொடுப்பார்கள். பட்டையின் பேரை எடுத்ததும் பேச்சு அரசியலுக்குத் தாவிவிடும்.

அரசாங்கமே மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டினார்கள். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணமும் உண்டு. அது போதுமா என்பது வேறு சண்டை, இன்னொரு வாரம் பார்ப்போம்.

என் கணக்கு வேறு. பெண்பிள்ளைக்காவது ஒரு குட்டும் களியும் கிடைக்கிறது. ஆண்பிள்ளைக்கு அதுவுமில்லை. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, தூக்கத்தில் துணி நனைகிறது. தனக்கு ஏதோ சீக்கு என்று பயந்து கிடக்கிறான். அப்பா படகுக்குப் போய்விடுகிறார். கரையில் இருக்கிற நாளில் தூக்கம். அம்மாவிடம் கேட்க முடியாது. மிச்சமிருப்பது செல்போன். அது கற்றுக்கொடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கேலி செய்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அப்புறம் போக்சோ, காவல் நிலையம். அந்தச் சட்டம் 2012இல் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே அதில் கிடையாது. இதைக்கூட அந்தப் பயல் முதல்முறையாக எஸ்.ஐ. வாயால்தான் கேட்கிறான்.

தடைக்காலத்தில் அப்பா வீட்டில், மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. இரண்டு பேரும் ஒரே வலையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து கிழிசல் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்க்காமல் கையில் வேலையோடு பேசுவதற்கு இதைவிடத் தோதான நேரம் ஏது? தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகுக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஆரம்பிச்சா எந்திருச்சுப் போயிருவான் சார்" என்றார்.

"போகட்டும். மறுநாள் வலைக்கு வந்துதானே ஆகணும்?"

"அதுவும் சரிதான். ஆனா மொத நாளு என்ன சொல்றது?"

நண்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன்.