தகட்டின் மேல் தகடு எதற்கு?

ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி எழுதுவார்கள், காதலைப் பற்றிக் கவிதை எழுதுவார்கள், வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிக் குமுறுவார்கள். நான் ஒரு பழைய ஜீப்பின் பின்பக்கத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! நாம் மூன்று வருடம் படித்ததற்கு என்ன அர்த்தம் என்ற கேள்விக்கு, அந்தப் பின்பக்கத்தில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நமது திண்டுக்கல்லைச் சுற்றி மலைகள். சிறுமலைக்குப் போக 18 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பக்கம் ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. பஸ் போகாத தோட்டத்துப் பாதையில் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் எலுமிச்சையும் இறங்குவது ஒன்று குதிரை முதுகில், இல்லாவிட்டால் ஜீப்பின் முதுகில். போகும்போது உர மூட்டை, வரும்போது வாழைத்தார், நடுவில் கூலிக்குப் போகும் அக்காமார், அண்ணன்மார். அந்த ஜீப்புகளில் பல, நாம் பிறப்பதற்கு முன்பே பிறந்தவை.

அவை ஒவ்வொன்றும் ஒருநாள் பேகம்பூர் பக்கம் டிங்கர் பட்டறைக்கு வந்தே தீரும். என்ஜினுக்காக இல்லை. என்ஜின் பழுதானால் வண்டி நின்று போய்ச் சொல்லிவிடும். பின்பக்கத் தளம் அப்படிச் சொல்லாது. சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஏன் பின்தளம் முதலில் போகிறது? ஜீப் என்பது முதலில் கார் அல்ல, லாரி! இரண்டாம் உலகப் போரில் வில்லீஸ், ஃபோர்டு கம்பெனிகள் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய இந்த வண்டிக்கு, அமெரிக்க ராணுவம் வைத்த பெயரே 'கால் டன் டிரக்' என்பதுதான். 1947-இல் மஹிந்திரா அதே வில்லீஸ் ஜீப்பை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னால் சி.ஜே., எம்.எம்.540, கமாண்டர் என்று பெயர்கள் மாறினாலும், சேஸிஸ் மேலே ஒரு தகட்டுத் தொட்டி என்ற அமைப்பு மாறவில்லை. தொட்டியின் தரைக்கு அடியில், தொப்பி மாதிரி மடித்த சானல்கள் குறுக்கே ஓடும். பாரத்தைத் தாங்குவது மேலே தெரியும் தகடு அல்ல, அடியில் தெரியாத இந்தச் சானல்தான். போர்க்கால ஜீப்பில் இந்தச் சானலுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்தே இரும்பை அரித்தது. மரம் இல்லாத சானலிலும் சேறு போய் உட்கார்ந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறது.

மேலே என்ன நடக்கிறது? மழைத்தண்ணீர், வாழைப்பால், உரம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு மட்டும் பேர் போன ஊர் அல்ல, தோலுக்கும் பேர் போன ஊர். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஏற்றுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் ஒழுகிய தளத்தை நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால், கடலே இல்லாத ஊரில் கடற்கரைத் துரு பிடிக்கும்! துருவுக்கு இரும்பும் காற்றும் ஈரமும் போதும். உப்புச் சேர்ந்தால் அது ஓட்டம் பிடிக்கும். முதலாமாண்டு வேதியியலில் படித்ததுதான், பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டை விழுந்த தளத்தோடு ஜீப் பட்டறைக்கு வருகிறது. பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? பழைய தகட்டை அப்படியே விட்டு, மேலே ஒரு புதுத் தகட்டை வைத்து, ஓரத்தில் நாலு வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை! பளபளவென்று இருக்கும். ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லை, காயவும் வழியில்லை. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். நடுவில் வளர்ந்து தகட்டையே உப்பவைக்கும். அடியில் சானல் அழுகினது அழுகினபடியே இருக்கும். துருவின் மேல் வைத்த வெல்டிங் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தளம் நான்கடிக்கு மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகடு என்றால் எடை ஏறத்தாழ பத்தரை கிலோ. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று 3 மில்லிமீட்டர் தகட்டை மேலே போட்டால் 26 கிலோ. பழையதும் அடியில் கிடக்கிறது. அழுகிய சானலின் தலையில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். தடிமனைக் கூட்டினால் பலம் கூடும் என்பது, அடித்தாங்கல் சரியாக இருந்தால் மட்டுமே உண்மை.

முறையான வேலை எது? முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி, டீசல் டேங்கையும் பிரேக் பைப்பையும் ஒதுக்க வேண்டும். பிறகு சுத்தியலால் தட்டிப் பார்த்து, 'டங்' என்று சத்தம் வரும் நல்ல இரும்பு எது, 'சொத்' என்று கேட்கும் அழுகல் எது என்று கோடு போட வேண்டும். அழுகலைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளியே வெட்டி எறிய வேண்டும். சானலைப் புதிதாக மடித்து வைத்து, அதன்மேல் அதே கேஜ் தகடு. மெல்லிய தகட்டில் ராடு வெல்டிங் ஓட்டை போடும், ஆகவே சி.ஓ.டூ வெல்டிங் நல்லது. அதையும் ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று டேக் வைத்து, சூடு ஆறவிட்டுப் போனால்தான் தகடு நெளியாது. ஜி.ஐ. தகடு என்றால் வெல்டிங் வைக்கும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சை உரசி எடுக்காமல் தொடக்கூடாது. அந்தப் புகை வெல்டர் அண்ணனுக்குக் காய்ச்சல் வரவைக்கும். கடைசியாக மேலே மட்டுமல்ல, அடியிலும் சானலுக்கு உள்ளேயும் பிரைமர் போக வேண்டும். தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைக்கவே கூடாது. ஜீப்பை வடிவமைத்தவன் முட்டாள் அல்ல!

"இதெல்லாம் புஸ்தகத்துல நல்லா இருக்கும் தம்பி. பார்ட்டிக்கு எஃப்.சி. வாங்கினாப் போதும், உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?" என்பது பட்டறையில் கேட்கும் பதில். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாழைத்தார் விலை விழுந்த வருடத்தில் விவசாயியிடம் இரண்டு மடங்கு கூலி கேட்க முடியுமா? அந்த மிஸ்திரிக்கு இந்த வேலை தெரியாமல் இல்லை. நம்மைவிட நன்றாகவே தெரியும். காசும் நேரமும்தான் இல்லை.

ஆனாலும், உள்ளே இருப்பதை யாருமே பார்க்கப் போவதில்லையா? உட்காருகிறவர்கள் இருக்கிறார்களே! எதிரெதிர் பெஞ்சின் கால்கள் அந்தத் தளத்தில்தான் போல்ட்டுப் போட்டு நிற்கின்றன. பக்கத்து தேனி மாவட்டத்தில் கம்பம், போடியிலிருந்து விடியற்காலையில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 25-இல் வயநாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிப் பெண்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து, ஒன்பது பெண்கள் இறந்தார்கள். தளம்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜீப்பின் பின்பக்கம் சாமான் போடும் இடம் மட்டுமல்ல, உயிர்கள் உட்காரும் இடம் என்று சொல்கிறேன்.

சிலர் வேறு திசையில் போகிறார்கள். புதுப்பிக்கிறேன் என்று பின்பக்கத்தை ஒரு அடி நீட்டி, பெஞ்சைக் கூட்டி, ஆளைக் கூட்டுகிறார்கள். இது பழுதுபார்ப்பது அல்ல, வண்டியையே மாற்றுவது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. கம்பெனி சொன்ன விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. அழுகியதை அதே அளவில், அதே வடிவில் திருப்பி வைப்பதற்கும், இல்லாததை ஒட்டவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை டிப்ளமா படித்த நாமாவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

"பழசு தானே, எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கட்டுமே" என்பார்கள் சிலர். முன்பெல்லாம் அரசாங்க ஜீப் ஏலத்துக்கு வரும், எடுத்து ஓட்டுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகள், சில விலக்குகள் போக, பதிவு ரத்தாகி உடைக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே கையில் இருக்கும் ஜீப்புகளைத்தான் மலைக்காரர்கள் காப்பாற்றி ஓட்டியாக வேண்டும். ஓட்டத்தான் போகிறார்கள் என்றால், ஒழுங்கான தளத்தோடு ஓட்டட்டும்.

இதில் நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ரெடிமேடாக ஒரு மாடலைக் காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவா முடிந்ததும் மூலையில் போடுகிறோம். இதுவும் தகட்டின் மேல் தகடு அடிக்கிற வேலைதானே! மேலே பளபளப்பு, அடியில் சானல் இல்லை.

என் யோசனை இதுதான். ஒரு பேட்ச்சுக்கு ஒரு ஜீப். பின்தளம் மட்டும். தகட்டுச் செலவு வண்டிக்காரருடையது, உழைப்பு நம்முடையது, வழிகாட்டுவது பேகம்பூர்ப் பட்டறை மிஸ்திரி. மெட்ராலஜி லேபில் தகட்டின் தடிமனை அளப்போம். ஷீட் மெட்டல் ஷாப்பில் சானலை மடிப்போம். வெல்டிங் ஷாப்பில் டேக் வைப்போம். வெட்டி எடுத்த அழுகல் துண்டையும் புதுத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேஜையில் வைத்து வைவாவுக்கு நிற்போம். விவசாயிக்குக் கூலி மிச்சம், மிஸ்திரிக்கு மரியாதை, நமக்குத் தொழில். பேரவை கேட்டால் துறைத்தலைவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சர்டிபிகேட்டில் முதல் வகுப்பு என்று போட்டிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும் நண்பர்களே!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை