திரையும் இல்லமும்

நடிகைக்கு வாழ்வு இளமையளவே என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட எண்ணமாகும். நாயகன் நரைகண்ட பின்னும் நாயகனாகவே உலவுகின்றான். அவனோடு ஆடிப்பாடிய நாயகியோ சில ஆண்டுகளில் தமக்கையாகவும், பின்னர்த் தாயாகவும் ஆக்கப்படுகின்றாள். இவ்வழக்கு மாறக்கூடியதா? ராதிகா அம்மையாரின் கலைவாழ்வை நோக்குவார்க்கு விடை கிடைக்குமென்பது நமது துணிபு.

நடிகவேள் எம். ஆர். ராதாவின் மகளாராகிய இவர், 1978-இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' என்னும் படத்தில் பாஞ்சாலி என்ற சிற்றூர்ப் பெண்ணாகத் தோன்றினார். தந்தையின் பெயர் வாயில்வரை கொண்டுசெல்லலாம்; உள்ளே நிலைபெறச் செய்வது உழைப்பேயன்றோ? பிரதாப் போத்தன் இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' என்னும் படத்தை இவரே தயாரித்தார். இயக்குநரின் முதற்படத்துக்குரிய தேசிய விருதினை அது பெற்றது. 1993-இல் 'கிழக்குச் சீமையிலே' படத்து விருமாயியாக நின்று, அண்ணனுக்கும் கணவனுக்குமிடையே அலைவுறும் பெண்ணின் துயரை நம் கண்முன் கொணர்ந்தார்.

பிற நடிகையர் பலர் ஒதுங்கிவிடும் பருவத்திலேதான் இவரது இரண்டாம் வாழ்வு தொடங்கிற்று. 'ராடான்' என்னும் தம் நிறுவனத்தின் வாயிலாக, 1999-ஆம் ஆண்டின் இறுதியில் 'சித்தி' தொடரைத் தொலைக்காட்சிக்கு அளித்தார். 2001 வரை நடந்த அத்தொடரின் முகப்புப் பாடல், நம் சைதாப்பேட்டைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒலித்ததைப் பழைய மாணவர் மறந்திரார். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி' முதலியன தொடர்ந்து வந்தன. 2013 முதல் 2018 வரை நடந்த 'வாணி ராணி'யில் வழக்கறிஞராகவும் இல்லத்தரசியாகவும் இருவேடம் பூண்டார். தமக்கேற்ற பாத்திரத்தைப் பிறர் தருவாரெனக் காத்திராது, தாமே படைத்துக்கொண்டமையே இவரது தனிச்சிறப்பு.

எனினும் குறையைக் கூறாது விடுதல் நடுநிலையாகாது. நெடுந்தொடர்கள் பெண்டிரின் கண்ணீரையும் மாமியார் மருமகள் சூழ்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் நீட்டி, அவையே இல்வாழ்வென்னும் மயக்கத்தை வளர்த்தன. இவருடைய தொடர்களும் அக்குறைக்கு முற்றும் விலக்கல்ல. உழைக்கும் பெண்ணை நாயகியாக்கிய கை, அவளை இத்துணை அழவைத்திருக்க வேண்டியதில்லை.

ஆதலின் இவர் பணிகளுள் நாம் தலையாயதாகக் கொள்வது, 2019 டிசம்பரில் 'கலர்ஸ் தமிழ்' தொலைக்காட்சியில் இவர் நடத்தத் தொடங்கிய 'கோடீஸ்வரி' வினாவிடை நிகழ்ச்சியையே. அதில் போட்டியிட்டோர் அனைவரும் பெண்டிர். 2020-இல் பேச்சும் செவிப்புலனும் இல்லாத பெண்மணியொருவர் அங்கே ஒரு கோடி ரூபாய் வென்றார். நாவின்றியும் அறிவு பேசுமென்பதை நாடறிந்தது. பெண்ணின் கண்ணீரைக் காட்டிவந்த அதே பெட்டி, அன்று அவள் கல்வியைக் காட்டிற்று. எதிரே அமர்ந்து வினவியவரும் ஒரு பெண்ணே.

மாணவ நண்பர்காள்! நடிகையரின் அழகையும் அந்தரங்கத்தையும் பேசிப் பொழுது போக்குதல் கற்றோர்க்கு அழகன்று. அவர்தம் தொழிலை ஆராய்மின். நன்றாயின் புகழ்மின், தீதாயின் இடித்துரைமின். முகப்பொலிவு சில்லாண்டே துணை நிற்கும். தொழிலறிவோ நாற்பதாண்டு கடந்தும் கைவிடாது. நம் மாணவியருள் நாளை திரைக்கோ தொலைக்காட்சிக்கோ செல்வார், நடிக்க மட்டுமன்றி எழுதவும், இயக்கவும், நிறுவனம் நடத்தவும் கற்றுச் செல்வாராக. பெண்ணுக்கு எத்தகைய கதை வேண்டுமென்பதை அன்று அவர்களே முடிவு செய்வர்.