கொல்லையில் ஒரு மேடை



மழைக்கால இரவொன்றில் என் தாயார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார்கள். ஒளுச் செய்யக் கிணற்றடிக்குப் போன இடத்தில், பாசி படர்ந்த தரையில் கால் நிலைகொள்ளவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது மருத்துவர் சொல்லியனுப்பிய செய்தி ஒன்றே ஒன்றுதான்: இனித் தரையில் உட்காரக் கூடாது.

ஐம்பது ஆண்டுகளாகப் பகற்பொழுதைக் கொல்லையிலேயே கழித்தவர்கள் அவர்கள். மீன் ஆய்வதும், மிளகாய் காயவைப்பதும், அண்டை வீட்டுப் பெண்களோடு மதிலோரம் நின்று சுகம் விசாரிப்பதும் அங்கேதான். மூன்று மாதம் உள்ளறைக் கட்டிலில் கிடந்தபின் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, இந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போச்சு. ஆத்துக் காத்து வர்ற பக்கம் என்னைக் கொஞ்சம் உட்கார வையேன்" என்றார்கள். அந்தச் சொல்தான் என்னைக் கரணை பிடிக்க வைத்தது.

எங்கள் ஊர் திருமழபாடி, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. மாலையானால் ஆற்றுக் காற்று கொல்லை வழியாகவே வீட்டுக்குள் நுழையும். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மேடை இருக்கத்தான் செய்தது. ஆனால், அதைக் கட்டியவர் வீட்டுச் சுவரையே நான்காவது சுவராகக் கொண்டு, மற்ற மூன்று பக்கம் மட்டும் செங்கல் வைத்து, நடுவில் மண்ணைக் கொட்டி மூடியிருந்தார். விளைவு என்ன? மண்ணிலிருந்த ஈரம் சுவரில் ஏறியது. உட்பக்கச் சுண்ணாம்புப் பூச்சில் உப்புப் பூத்துப் பொருபொருவென உதிர்ந்தது. கறையானும் அதே வழியாக வந்து கதவு நிலையைத் தின்றது. மண் இறங்கியதால் தளம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, மழைநீரெல்லாம் வாசற்படியிலேயே தேங்கிற்று. பாசி பிடித்ததும் அதனால்தான். ஆகவே பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று முடிவு செய்தோம்.

அமெரிக்காவிலிருக்கும் மச்சான் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். அங்கே வீடுகளின் பின்புறத்தில் மரப்பலகைகளை இடைவெளி விட்டு அடித்து, கால்கள் மீது தூக்கி நிறுத்திய மேடை போட்டுக்கொள்கிறார்கள். விடுமுறை நாட்களில் குடும்பத் தலைவரே இரம்பமும் ஆணியும் எடுத்து வேலையில் இறங்கிவிடுகிறாராம். பார்க்க அழகுதான். மலேசியாவின் கம்பத்து வீடுகளிலும் இத்தகைய மரத் திண்ணை உண்டு. 'செராம்பி' என்பார்கள். சபுராளிகளாக அங்கே பிழைத்துத் திரும்பிய நம் பெரியவர்கள் பலர் அதில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். ஆனால், அங்கே கறையானுக்கு எளிதில் இடங்கொடாத வைரமரம் கிடைக்கிறது. (அம்மரத்தின் மலாய்ப் பெயரும் ஏறக்குறைய 'செங்கல்' என்றே நம் காதில் விழும்!) இங்கே தேக்கு வாங்க நமக்கு வசதியில்லை. பனையென்றால் வெளி வைரம் மட்டுமே நிற்கும். வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறித் தாக்கும் திறந்தவெளியில் மலிவான பலகை சில ஆண்டுகளில் இற்றுப்போகும். மண்ணும் செங்கல்லும் சிமெண்டும் கிடைக்கும் சீமை நம்முடையது. கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அரியலூர்ச் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, அங்கேயே சிமெண்டாகிறது. ஆகவே நமக்குச் செங்கல் மேடையே ஏற்றது என்று மச்சானுக்குப் பதில் எழுதினேன்.

வேலையைத் தொடங்குமுன் வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்டேன். இதைச் சற்று அழுத்தியே சொல்லுகிறேன். எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, 1940களின் பிற்பகுதியில் லக்ஸர் நகருக்கு அருகே புதிய குர்னா என்ற சிற்றூரை மண்செங்கல்லால் எழுப்பினார். வளைவுகளும் குவிமாடங்களுமாக உலகமே வியந்த வேலை அது. ஆயினும் யாருக்காகக் கட்டப்பட்டதோ அம்மக்களுள் பெரும்பாலோர் அங்கே குடிபோக மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய பிழைப்பும் மனமும் பழைய குர்னாவிலேயே இருந்தன. ஓர் ஊருக்கு நேர்ந்தது ஒரு மேடைக்கும் நேரலாம் அல்லவா?

கேட்டதில் எனக்குத் தெரியாத பல செய்திகள் வெளிவந்தன. நான் மேடையைக் கிழக்கு மூலையில் வைக்க எண்ணியிருந்தேன். "அங்கே பத்து மணிக்குமேல் உட்கார முடியாது. மாமரத்து நிழல் மேற்கே விழுகிறது" என்றார் என் மனைவி. உயரத்தை இரண்டரை அடியாக்கலாம் என்றேன். என் மகள் உடனே ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, "அத்தா, இங்கிருந்து பக்கத்து வீட்டுக் குளியலறை வாசல் தெரிகிறது" என்றாள். ஐந்தடி மதிலுக்கு இப்பால் ஒருவர் எவ்வளவு உயரத்தில் நின்றால் அண்டை வீட்டாரின் மறைவு கெடும் என்பதைக் காகிதத்தில் கணக்கிடுவதைவிட முக்காலியில் ஏறிப் பார்ப்பதே மேல். இறுதியில் உயரம் ஒன்றரை அடி என்று முடிவாயிற்று. நாற்காலி உயரமும் ஏறத்தாழ அதுதான். முழங்கால் வலியுள்ளவர்கள் மேடை விளிம்பிலேயே காலைத் தொங்கவிட்டு உட்காரலாம், யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கலாம். மதிலோரமாக ஒரு தட்டியும் கட்டுவதென்று பேசிக்கொண்டோம்.

பத்தடி நீளம், எட்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதுவே எங்கள் கணக்கு. நான்கு முளைகள் அடித்து நூல் பிடித்தோம். மூலைமட்டம் கைவசம் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு பக்கம் ஆறடியும் மறுபக்கம் எட்டடியும் அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் குறுக்கே பத்தடி சரியாக வந்தால் அந்த மூலை நேரானது. நான்கு மூலையும் முடிந்தபின் குறுக்காக இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இந்த அளவுக்கு அவை 12 அடி 9 அங்குலம் 5 நூல் அளவில் வந்து, இரண்டும் ஒத்திருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் இரண்டு அங்குலம் வேறுபட்டது. மகன் ஒரு முளையை அசைத்து அசைத்துச் சரிசெய்தான். பள்ளிக்கூடத்தில் கசந்த கணக்கு அன்று அவனுக்கு இனித்தது.

வாணம் ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். கொள்ளிடக் கரையோரத்து வண்டல் மண் மெத்தென்றிருக்கும். அடியை அலட்சியம் செய்யலாகாது. 2018 ஆகஸ்டில் ஆறு பெருகியோடியபோது, திருச்சியில் 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்து விழுந்ததை நாம் மறக்கவில்லை. அடியிலுள்ள மணலை வெள்ளம் அரித்துவிட்டால் மேலே எத்தனை இரும்பிருந்தும் என்ன பயன்? வாணத்தின் அடியை நனைத்துத் திமிசுக்கட்டையால் இடித்து, இரண்டங்குல மணல் பரப்பி, அதன்மேல் ஒன்றுக்கு நாலு, எட்டு என்ற விகிதத்தில் சிமெண்ட், மணல், ஜல்லி கலந்து நான்கு அங்குலம் போட்டோம். மணல் என்றவுடன் ஆற்றுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில்தான் ஓடுகிறதென்று அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றம், ஆற்றுக்கும் கேடு. எம்-சாண்ட் வாங்கினோம்.

அதன்மேல் நான்கு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர். வீட்டுப் பக்கமும் தனிச்சுவர்தான்! வீட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, அடியில் சரிவான சிமெண்ட் வாய்க்கால் போட்டு, இரு முனைகளிலும் தேள், எலி புகாதபடி கம்பி வலை வைத்தோம். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். அதை மண்ணாலோ சிமெண்டாலோ மூடி அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே திரும்பும். வாசலுக்கு நேரே மட்டும் இடைவெளியின்மேல் ஒரு கல் பலகை.

செங்கல் கணக்கு கேட்பீர்கள். ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குல நாட்டுச் செங்கல், ஒரு கன அடிக் கட்டுக்குச் சுமார் 11 வேண்டும். நாற்சுவரும் ஏறத்தாழ 62 கன அடி, இரு படிகள் 6 கன அடி. உடைசலுக்கும் சேர்த்து 825 வாங்கினோம். சிமெண்ட் எட்டு மூட்டை பிடித்தது. செங்கல்லை நீரில் ஊறவைத்தே அடுக்க வேண்டும். உலர்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு. செலவைச் சுருக்க விரும்புவோர், கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கேள்விப்பட்டிருப்பார்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கால் பங்கு கல் மிச்சமாகும். வீட்டுச் சுவருக்கு நல்லதுதான். ஆனால், மண்ணை நெருக்கித் தாங்க வேண்டிய மேடைச் சுவரைக் கெட்டியாகவே கட்டுவது நலம் என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். அம்மா நாள்தோறும் "முடிஞ்சுதா?" என்று கேட்கவே, சுவர் எழும்பிய மூன்றாம் நாளே உள்ளே கிராவல் கொட்டித் திமிசு போட்டுவிட்டேன். மறுநாள் நூல் வைத்துப் பார்த்தால் வடமேற்கு மூலை அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது! எனக்கு உதவ வந்திருந்த முதிய கொத்தனார் ஒன்றும் திட்டவில்லை. தூக்குக்குண்டை என் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். அந்த மூலையைப் பிரித்து மீண்டும் கட்டினேன். ஒரு வாரம் தண்ணீர் காட்டிச் சுவர் இறுகியபின், அரையடி அரையடியாக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் நனைத்து இடித்தோம். பழைய மேடையின் உடைகற்களையும் உள்ளே போட்டோம். மரத்துண்டும் தென்னை மட்டையும் ஒன்றுகூடச் சேராமல் பார்த்துக்கொண்டோம். அவை கறையானுக்கு நாமே வைக்கும் விருந்து. கறையான் மருந்து ஊற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். கிணறு பத்தடி தூரத்தில் இருப்பதால் நான் ஒப்பவில்லை.

மேல்தளத்தை வீட்டுத் தரையைவிட அரையடி தாழ்த்தி, எட்டடி அகலத்துக்கு ஓரங்குலம் வெளிப்புறமாகச் சரித்தோம். வழவழப்பான கல் எதுவும் வேண்டாமென்று மூன்றங்குலக் கான்கிரீட்டின்மேல் சிமெண்ட் தளமே போட்டு, ஈரமாயிருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்கினோம். படி ஒவ்வொன்றும் ஆறங்குல உயரம், ஓரடி அகலம். இரு புறமும் கைப்பிடிக்கு இரும்புக் குழாய். குழாயடியை மேடையோரத்துக்கே கொண்டுவந்துவிட்டதால், அம்மா உட்கார்ந்தபடியே ஒளுச் செய்துகொள்ளலாம்.

இருமருங்கும் சாக்கு விரித்துப் பத்து நாள் நனைத்துக்கொண்டிருந்த வேளையில், மகனிடம் ஒரு பழஞ்செய்தி சொன்னேன். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஒரு புறம் நிழலமைந்த இடம் ஒன்றிருந்தது. அதற்கு ஸுஃப்பா என்று பெயர். வீடில்லாத தோழர்கள் அங்கே தங்கிக் கற்றார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். அவர்களைத்தான் நாம் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். இன்று வீட்டுக்கு வீடு போடப்படும் சோபாவின் பெயரும் அந்த அரபுச் சொல்லின் வழிவந்ததே. அவன் உடனே உள்ளே ஓடி நன்னிமாவிடம் அதைச் சொல்லப் போனான்.

பதினோராம் நாள் அஸருக்குப்பின் சாக்கை எடுத்தோம். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தாமே இறங்கி வந்து விளிம்பில் உட்கார்ந்தார்கள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "மிளகா இருந்தா எடுத்துக்கிட்டு வாம்மா, இங்கேயே காயப் போட்டுக்கலாம்" என்றார்கள்.

செங்கல் நாற்பது மிஞ்சியிருக்கிறது. கோழிக்கூட்டுக்கு வேண்டுமென்று என் மனைவி எடுத்து வைத்திருக்கிறார்.