பிரெக்ஸிட்: ஐரோப்பியருக்கு மூடிய கதவு யார் மீது இடித்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 47 ஆண்டுகள் இருந்த பிரிட்டன், 2020 ஜனவரி 31 அன்று அதிலிருந்து வெளியேறியது. அதற்கு வழிவகுத்தது 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பு. வெளியேற வேண்டும் என்று 51.9 சதவீதத்தினரும், நீடிக்க வேண்டும் என்று 48.1 சதவீதத்தினரும் வாக்களித்தார்கள். வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் டேவிட் கேமரூன் மறுநாளே பதவி விலகலை அறிவித்தார்.

ஐரோப்பியர்கள் தமக்குள் போட்டுக்கொண்ட பாகப்பிரிவினைச் சண்டை இது, நமக்கென்ன என்று அன்று நம்மில் பலர் கடந்து போனோம். ஆனால் அந்தச் சண்டை பிரிட்டனின் பள்ளிவாசல்களையும், சில்ஹெட் முஸ்லிம்களின் உணவகங்களையும், அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் சென்ற நம் வீட்டுப் பிள்ளைகளையும் வந்து தொட்டிருக்கிறது. எனவே நாம் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

புகார் ஒருவர் மீது, படம் இன்னொருவருடையது

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, உறுப்பு நாடுகளின் மக்கள் எந்த உறுப்பு நாட்டிலும் குடியேறி வேலை செய்யலாம். போலந்து, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் பிரிட்டனுக்கு வந்தது இப்படித்தான். "நம் வேலைகளை இவர்கள் பறிக்கிறார்கள்" என்பதே வெளியேறச் சொன்னவர்களின் முக்கியப் புகார்.

ஆனால் பிரச்சாரத்தில் காட்டப்பட்ட முகங்கள் வேறு. 7 கோடியே 60 லட்சம் மக்கள் கொண்ட துருக்கி ஒன்றியத்தில் சேரப்போகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். துருக்கியை அடுத்து சிரியாவும் இராக்கும் இருப்பதை வரைபடம் போட்டுக் காட்டினார்கள். 1987-ல் விண்ணப்பித்த துருக்கி இன்றுவரை ஒன்றியத்தில் சேரவில்லை என்பது வேறு விஷயம். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு நைஜல் ஃபராஜ் வெளியிட்ட சுவரொட்டியில் இருந்தது, ஸ்லோவேனியா எல்லையில் வரிசையாக நடந்து வந்த அகதிகளின் படம். அவர்கள் வருவதற்கும் ஐரோப்பியக் குடிமக்களின் வேலை உரிமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதே ஜூன் 16 அன்றுதான், சிரிய அகதிகளுக்காகக் குரல் கொடுத்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் வலதுசாரி வெறியன் ஒருவனால் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார்.

வாக்கெடுப்பு முடிந்த அடுத்த மாதம், இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 41 சதவீதம் அதிகமாகப் பதிவானதாக பிரிட்டன் உள்துறை அமைச்சகமே கூறியது. லண்டனில் உள்ள போலந்து சமூக மையத்தின் வாசலில் வெறுப்பு வாசகம் எழுதப்பட்டது. வெறுப்பைத் திறந்துவிட்டவர்களால், அது யாரைத் தாக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று கட்டுப்படுத்த முடியவில்லை.

வரி இல்லை, ஆனால் செலவு உண்டு

வர்த்தகத்துக்கு வருவோம். பிரிட்டனின் வெளிநாட்டு வர்த்தகத்தில் ஏறத்தாழ பாதி ஐரோப்பிய ஒன்றியத்துடன்தான். 2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட ஒப்பந்தத்தால் இருதரப்புப் பொருட்களுக்கும் சுங்க வரி இல்லாமல் போனது. "பிறகு என்ன பிரச்சினை?" என்று கேட்கத் தோன்றும்.

பிரச்சினை ஆவணங்களில் இருந்தது. முன்பு சரக்கு வண்டி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதுபோல் பிரான்சுக்குப் போய்வந்தது. இப்போது சுங்கப் படிவம், பொருள் எங்கே தயாரானது என்பதற்கான சான்று, இறைச்சிக்கும் மீனுக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் என எல்லாம் தேவைப்பட்டன. பெரிய நிறுவனங்கள் இதற்கென ஆட்களை நியமித்துக்கொண்டன. சிறு வியாபாரிகளில் பலர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஒன்றியத்தை விட்டால் கடல் நமக்கே என்று மீனவர்களுக்கு ஆசை காட்டப்பட்டிருந்தது. 2021 ஜனவரியிலேயே ஸ்காட்லாந்தின் கடலுணவு வியாபாரிகள் லாரிகளுடன் லண்டனுக்கு வந்து போராடினார்கள். பிடித்த சரக்கு எல்லையைத் தாண்டுவதற்குள் கெட்டுப்போகிறது என்பதே அவர்கள் குமுறல்.

வெளியேற்றத்தால் நீண்டகால நோக்கில் நாட்டின் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்பது அரசின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. 2021 வரையிலான இரண்டு ஆண்டுகளில் உணவுச் செலவு மட்டும் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 210 பவுண்டு கூடியதாக லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வு கூறுகிறது. சம்பளத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவிடும் ஏழைக் குடும்பங்களுக்குத்தான் இந்தச் சுமை கடுமையானது. இங்கிலாந்து, வேல்ஸில் வாழும் 39 லட்சம் முஸ்லிம்களில் ஏறத்தாழ 10-ல் 4 பேர் மிகவும் பின்தங்கிய பகுதிகளில் வசிக்கிறார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஏமாந்துபோன உணவகங்கள்

பிரிட்டன் முஸ்லிம்களில் பத்தில் ஏழு பேர் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்ததாக வாக்கெடுப்பு நாளில் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக் கணிப்பு கூறியது. மறுபக்கம் நின்றவர்களின் கதையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

பிரிட்டனில் 'இந்திய உணவகம்' என்ற பெயர்ப்பலகையோடு நடக்கும் கடைகளில் பெரும்பாலானவை வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து சென்ற முஸ்லிம்களுடையவை. சமையல்காரர்களுக்கு விசா கிடைக்காமல் அவர்கள் திண்டாடி வந்தார்கள். ஐரோப்பியர்களின் வரவு குறைந்தால் தெற்காசியாவிலிருந்து ஆட்களை எடுக்க வழி பிறக்கும் என்று பிரீத்தி படேல் உள்ளிட்டோர் நம்பிக்கை தந்தார்கள். நம்பி வாக்களித்தவர்களும் உண்டு. எதிர்பார்த்த விசா வரவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 38,700 பவுண்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்துக்கு ஊரிலிருந்து சமையல்காரரை அழைக்க எத்தனை சிறு உணவகங்களால் முடியும்? இன்னொரு வந்தேறி போனால் நமக்கு இடம் கிடைக்கும் என்ற கணக்கு தப்புக் கணக்காகிவிட்டது.

போனவர்களும் வந்தவர்களும்

ஐரோப்பியத் தொழிலாளர்கள் குறைந்ததும் வேலைகள் காலியாகக் கிடந்தன. 2021-ல் லாரி ஓட்டுநர் பற்றாக்குறையால் பெட்ரோல் பங்குகளில் மக்கள் வரிசையில் நின்றார்கள். முதியோர் பராமரிப்புக்கு ஆளில்லாமல் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டினருக்கு விசாவை அரசே தாராளமாகத் திறந்தது. இந்தியர்களும் நைஜீரியர்களும் பெருமளவில் சென்றார்கள். குடியேற்றத்தைக் குறைப்பதற்காக வெளியேறிய நாட்டில், 2023-ல் நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது!

அகதிகள் விஷயத்திலும் இதே நிலைதான். முன்பு, வேறு ஐரோப்பிய நாட்டில் பதிவானவர்களைத் திருப்பி அனுப்ப ஒன்றிய விதியில் வழி இருந்தது. வெளியேறியதும் அந்த வழி அடைபட்டது. சிறு படகுகளில் கால்வாயைக் கடந்தோர் 2018-ல் சுமார் 300 பேர், 2022-ல் 45 ஆயிரத்துக்கும் மேல்.

இந்த ஏமாற்றமும் கோபமும் வெளியேறச் சொன்ன தலைவர்கள் மீது முழுமையாகத் திரும்பவில்லை. 2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொலையாளி படகில் வந்த முஸ்லிம் அகதி என்று பொய் பரப்பப்பட்டது. அவன் பிரிட்டனின் கார்டிஃபில் பிறந்தவன். ஆனாலும் மறுநாளே அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. அதற்கு பிரெக்ஸிட் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2016-ல் சுவரொட்டிகள் கற்றுக்கொடுத்த அச்சத்தின் சாயலை அதில் பார்க்காமல் இருக்க முடியாது. அதே சவுத்போர்ட்டில், உடைந்த பள்ளிவாசல் சுவரை அக்கம்பக்கத்து மக்களே வந்து கட்டிக்கொடுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு...

பிரிட்டன் தனித்து நிற்பதால் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவுடன் தனியாக வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ள முடிந்தது. ஒப்பந்தப்படி ஆடைகளுக்கு 12 சதவீதம் வரையும், தோல் பொருட்கள், காலணிகளுக்கு 16 சதவீதம் வரையும் இருந்த வரி நீங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கும் திருப்பூர் பின்னலாடைக்கும் இது நல்ல வாய்ப்பு. இந்த ஒப்பந்தத்தால் பிரிட்டன் பொருளாதாரத்துக்குக் கிடைப்பது நீண்டகாலத்தில் சுமார் 0.1 சதவீதம் என்பதுதான் அந்நாட்டு அரசின் கணக்கு. இழப்பின் மதிப்பீட்டுடன் ஒப்பிட்டால் இது சிறுதுளி.

பிள்ளைகளை அங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. அதே ஆண்டு மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அந்த வாய்ப்பு மூடப்பட்டது. 2025 ஜூலையில் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. பழைய விதியைச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பி நகையை அடகு வைப்பதற்கு முன், பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 'வந்தேறிகளால்தான் உன் கஷ்டம்' என்ற பேச்சு பிரிட்டனுக்கு மட்டும் சொந்தமானதில்லை. நம் ஊரிலும் வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி அப்படிப் பேசுவோர் இருக்கிறார்கள், அதற்குத் தலையாட்டும் நம்மவர்களும் இருக்கிறார்கள். அடுத்தவரை நோக்கி எழும் அந்தக் குரல், நாளை நம் வாசலுக்கும் வரும். பிரெக்ஸிட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.