பழைய கடனை மொத்தமாகக் கட்டித் தீர்க்கலாமா?

இடம்பெயர்ந்த குடும்பமொன்று சொந்தக் காணிக்குத் திரும்பிக் கிணற்றை இறைத்து, வேலியை அடைத்து, முதற்போகத்தை விதைக்கும் காலத்திலேதான் பழைய கடன்காரரும் படலையைத் தட்டுகிறார். அகதியாய் இருந்தவரிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. காணியும் பயிரும் கண்ணிற் பட்டவுடன் கணக்குகளும் உயிர்பெறுகின்றன. இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருப்போருக்கும் இந்த நிலை புதிதல்ல.

எமது மக்களின் கடன்கள் ஒருவகையானவை அல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது விட்டுவந்த ஈடுகள் சில. 2008இல் வன்னியில் உரக்கடையிற் கொப்பியில் எழுதி வாங்கிய சாமான்களின் பாக்கி சில. 2012ஆம் ஆண்டுக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா போதாமற்போக, கூரைக்கும் கதவுக்கும் பட்ட கடன்கள் பல. உழவு இயந்திரத்துக்கு எடுத்த லீசிங், பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுத்த கிழமைக் கடன் என்பவையும் உண்டு.

இப்போது பலர் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "கையில் கொஞ்சப் பணம் வந்திருக்கிறது. கடன்காரரிடம் போய், இவ்வளவுதான் என்னால் முடியும், இதை எடுத்துக்கொண்டு கணக்கை முடியுங்கள் என்று கேட்கலாமா?" கேட்கலாம் என்பதே எனது கருத்து. ஆனால் மூன்று காரியங்களை முதலில் நிச்சயப்படுத்தவேண்டும். கடன் யாருக்குரியது, பணம் எதிலிருந்து வருகிறது, பணத்தைக் கொடுத்தபின் எமது கையில் என்ன இருக்கும் என்பவையே அவை. இவற்றில் ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லாவிட்டால் பொறுத்திருப்பதே நல்லது.

யாருக்குரிய கடன்?

"யுத்தத்தோடு எல்லாம் போயிற்று, ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். "தாலியை விற்றாவது கட்டி மானத்தைக் காப்பாற்று" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் யோசனையில்லாத பேச்சு.

உரக்கடைக்காரரும் எம்மோடு இடம்பெயர்ந்தவரே. அவருடைய கடையும் கொப்பியும் எரிந்துபோயிருக்கலாம். எழுத்து இல்லை என்பதற்காக அவர் தந்த யூரியா எமது வயலில் விழாமற் போகவில்லை. அவருக்குக் கொடுக்கவேண்டியதைப் பேசித் தீர்ப்பது நீதியானது. அதேபோல் எமக்காகப் பிணை நின்றவரையும் மறக்கக்கூடாது. எமது கடனுக்காக அவருடைய சம்பளத்திலோ சேமிப்பிலோ பணம் வெட்டப்படுமானால், அந்தக் கடனையே முதலில் தீர்க்கவேண்டும்.

கிழமைக்குக் கிழமை வட்டி அறவிட்டு, முதலுக்கு மேலாகவே வாங்கிவிட்ட நிறுவனத்தின் கணக்கு வேறு. அங்கே வெட்கப்பட்டு அவசரப்படவேண்டியதில்லை. முதல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, தண்டப்பணம் எவ்வளவு என்று எழுத்திலான கணக்குக்கூற்றைக் கேட்டு வாங்கவேண்டும். அதைப் பார்க்காமல் எந்தத் தொகையும் பேசக்கூடாது.

கணவர் இறந்தோ காணாமற்போயோ விட்ட குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் எடுத்த கடன் என்பதற்காக மட்டும் மனைவி தனது உழைப்பிலிருந்து அதைக் கட்டவேண்டும் என்றில்லை. அவர் தாமும் கடனாளியாகவோ பிணையாளியாகவோ கையொப்பமிட்டாரா, கணவரின் பெயரிலோ இருவரின் தேடிய தேட்டத்திலோ சொத்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பொறுப்பு அமையும். அழுத்தத்துக்குப் பயந்து புதிய பத்திரத்திற் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். அது இல்லாத பொறுப்பை உண்டாக்கிவிடும்.

சட்டம் சொல்வது

1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, எழுத்திலான ஒப்பந்தம், புறோநோட்டு ஆகியவற்றின்மேல் வழக்குத் தொடரப் பொதுவாக 6 வருடங்களும், எழுத்தில்லாத கைமாற்றுக்கு 3 வருடங்களும் உண்டு. ஈடு வைத்த காணிக்கு இதைவிட நீண்ட காலம் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காலம் கடந்த கடனாயினும், அதற்காக ஒரு சிறு தொகையைக் கட்டினால், அல்லது "இவ்வளவு தரவேண்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டால், காலக்கணக்கு மறுபடியும் தொடங்கிவிடக்கூடும். வாய்ப்பேச்சு மட்டும் அவ்வாறு செய்யாது. ஆகவே "ஆயிரம் ரூபாவைக் கொடுத்துச் சமாளிப்போம்" என்பது ஆபத்தான பழக்கம். முழுவதையும் முடிக்கும் பேச்சு நிறைவேறும்வரை ஒரு சதமும் கொடுக்காமலிருப்பதே பாதுகாப்பு.

வட்டியைப் பற்றியும் எமது குடியியற் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. பாக்கி வட்டியாக அறவிடக்கூடியது முதலை மிஞ்சக்கூடாது. வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் தனிச் சட்டங்கள் இருப்பதால் இதை எல்லாக் கடனுக்கும் பொருத்திவிட முடியாது. தனியாரிடம் பட்ட கடனில் 50,000 ரூபா முதலுக்கு மூன்று இலட்சம் கேட்பவரிடம் இந்த விதியைச் சொல்லலாம். உங்கள் பத்திரங்களை எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள்.

சட்டப்படி காலங்கடந்த கடனை மனச்சாட்சிப்படி கொடுக்கவேண்டுமா? அயலவருக்கும் சிறு கடைக்காரருக்கும் கொடுக்கவேண்டும், வசதி வரும்போது, எம்மால் இயன்ற அளவில். சட்டம் வழக்கின் கதவை மூடுகிறதே தவிர, வாங்கிய உதவியை இல்லையென்று ஆக்குவதில்லை.

எந்தப் பணத்திலிருந்து?

விதைநெல்லை விற்றுக் கடன் தீர்க்கக்கூடாது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்றால், மூன்று ஏக்கர்காரர் ஆறு புசலை விற்றுவிட்டுப் பெரும்போகத்துக்கு மறுபடியும் கடனுக்குப் போவார். ஒரு கடன் தீர்ந்து இன்னொன்று பிறக்கும். கறவை மாடு, நீரிறைக்கும் இயந்திரம், பிள்ளையின் படிப்புச் செலவு, கட்டம் கட்டமாக வரும் வீட்டுத்திட்டப் பணம் ஆகியவையும் தொடக்கூடாதவை. வீட்டுப்பணத்தைக் கடனுக்குக் கொடுத்தவருக்கு அடுத்த கட்டப் பணம் வராது, அரைச்சுவரே மிஞ்சும்.

புதிய கடன் எடுத்துப் பழைய கடனை மொத்தமாகத் தீர்ப்பது, புதிய வட்டி உண்மையாகவே குறைவாயிருந்தாலன்றிச் சரிவராது. நகையை அடைவு வைத்துத் தீர்ப்பதும் கடனை இடம்மாற்றுவதேயாகும்.

அப்படியானால் எந்தப் பணம்? அறுவடை விற்ற பணத்தில் அடுத்த போகச் செலவும் ஆறுமாதச் சாப்பாடும் ஒதுக்கியபின் மிஞ்சுவது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே அனுப்பியது. தேவைக்கு மேலான கன்றுகாலியை விற்றது. இழப்பீடாகக் கிடைத்ததில் ஒரு பகுதி.

எவ்வளவு பேசுவது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. முதல் ஒரு இலட்சம், ஏற்கெனவே கட்டியது 40,000, நிறுவனம் கேட்பது 1,80,000. குடும்பத்தின் கையில் உண்மையாக ஒதுக்கக்கூடியது 70,000. அவர்கள் 50,000இல் பேச்சைத் தொடங்கி, 70,000இல் நிற்கவேண்டும். அதற்குமேற் கேட்டால் எழுந்து வரவேண்டும். எல்லையை வீட்டிலேயே தீர்மானித்துப் போகாதவர், மேசைக்கு முன்னால் மற்றவரின் எல்லைக்கு இழுபட்டுவிடுவார். பல வருடம் அசையாத கடனை நிறுவனங்கள் அறவிடமுடியாக் கடனாகக் கணக்கில் ஒதுக்கிவைப்பதுண்டு. கையில் மொத்தமாக வரும் பணத்துக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

அயலவரின் கடனுக்கு இந்தப் பேரம் பொருந்தாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 2008இல் தந்த 20,000 ரூபாவை இன்று அப்படியே 20,000மாகக் கொடுப்பதும் நியாயமாகாது. அன்று அந்தப் பணத்துக்கு எத்தனை மூடை நெல் வந்தது, இன்று அதற்கு என்ன விலை என்று இருவருமாக இருந்து கணக்குப் பார்த்து, இரண்டு தொகைக்கும் நடுவில் ஓரிடத்தில் முடித்துக்கொள்வது இருவருக்கும் தகும். பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை.

கையில் என்ன இருக்கவேண்டும்?

பணம் கொடுப்பதற்கு முன்னரே, "இத்தொகையுடன் இக்கடன் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது, மிகுதி முதலும் வட்டியும் கைவிடப்பட்டன" என்ற கடிதம், அதிகாரமுள்ளவரின் கையொப்பத்தோடும் திகதியோடும் வரவேண்டும். கிழமைக்கு வந்து பணம் சேர்க்கும் பொடியனின் வாய்ச்சொல் போதாது. பணத்தை அலுவலகத்திலோ வங்கிக் கணக்கிலோ கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். புறோநோட்டு, வெற்றுத்தாளில் வைத்த கையெழுத்து, காணி உறுதி, பிணையாளியின் பத்திரம் எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். ஈடாயின், காணிப் பதிவகத்தில் ஈடு நீக்கப்பட்டதைப் பதியவேண்டும். நிறுவனக் கடனாயின், 'கிறிப்' எனப்படும் கடன் தகவல் பணியகத்துக்கு அறிவிக்கும்படி எழுத்திற் கேளுங்கள்.

"அரசாங்கம் தள்ளுபடி செய்யும், பொறுத்திருப்போம்" என்போரும் உளர். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு அவ்வாறு நிவாரணம் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் நிபந்தனைக்குள் அகப்படாத கடன்கள் அப்படியே இருந்தன. வரக்கூடும் என்ற தள்ளுபடியை நம்பிப் பிணையாளியைத் தவிக்கவிடுவது முறையல்ல.

ஆகவே இந்தப் போகம் முடிந்ததும் வீட்டில் எல்லோருமாக இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போது வாங்கியது, என்ன எழுத்து இருக்கிறது, பிணை யார். பின்னர் கமக்காரர் அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ நம்பிக்கையான ஒருவரையும் அழைத்துக்கொண்டு கடன்காரரிடம் போங்கள். தனியாகப் போகவேண்டாம். கடன் உங்களுடையதாயினும், கதைக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் தொகையும் மாறாது, சொன்ன சொல்லும் மாறாது.