வீட்டில் இருப்பதும் அடைபடுவதும்



"விடுமுறைக்கு எங்கே சென்றீர்கள்?" பள்ளி திறந்த முதல் நாளில் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. "எங்கும் செல்லவில்லை, வீட்டில்தான் இருந்தோம்" என்று நாங்கள் மூவரும் கூறினோம். வகுப்பே சிரித்தது. 'கிணற்றுத் தவளைகள்' என்ற பட்டமும் கிடைத்தது. அந்தச் சிரிப்புக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி ஒயரில் சிவன்கண் கூடை பின்னினாள். இன்னொருத்தி அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சங்கிலித் தையலால் ஒரு மயிலைத் தைத்தாள். மூன்றாமவள் நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் படித்து, மாலையில் எங்களுக்குக் கதை சொன்னாள். கை வேலை செய்ய, காது கதை கேட்க, பொழுது போனதே தெரியவில்லை.

நாங்கள் வசிப்பது தொழிற்சாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில். எங்கள் தந்தையர் ஷிப்டுக்குச் செல்பவர்கள். "இயந்திரம் ஒரே நாளில் ஆயிரம் பொருள் செய்கிறது. நீங்கள் ஒரு கூடைக்கு நான்கு நாள் செலவிடுகிறீர்களே!" என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு முடிச்சுத் தவறினால் பத்து வரிசையை அவிழ்த்துப் பின்ன வேண்டும். அழுதாலும் கூடை தானாகச் சரியாகாது. கணக்கில் தவறிய வரியைத் தேடும்போது இந்தப் பொறுமைதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. இதை எந்தக் கடையில் வாங்க முடியும்?

வீட்டு வேலை வீட்டோடு முடிந்துவிடும் என்பதும் தவறு. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டைப் பாருங்கள். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் கப்பலில் ஏற்றிச் சென்ற சரக்குகளில் முக்கியமானது நம் நெசவாளர்கள் தறியில் நெய்த துணி. இன்றும் அவ்வூர்ப் பெண்கள் வீட்டில் அமர்ந்து, பனை ஓலையைக் கீறிச் சாயமேற்றி, அழகிய பெட்டிகள் முடைகிறார்கள்.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருக்கும்போதே மணமுடிக்கப்பட்டவர். பள்ளிக்கூடம் சென்றவரல்லர். வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்குக் கதை சொன்னார். எழுத வராத நாளில், தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரை எழுதச் செய்து ஒரு நாடகத்தை உருவாக்கினார். பின்னர் 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். வீட்டில் தொடங்கியவர் வீட்டோடு நின்றுவிடவில்லை.

இங்கேதான் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல விரும்புகிறோம். எங்களுக்கு முதன்முதலில் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தோழியின் அக்கா. அவருடைய படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. "அவளுக்கு வீடுதான் பிடிக்கும், எப்போதும் எதையாவது பின்னிக்கொண்டிருப்பாள்" என்று பெரியவர்கள் காரணம் கூறினார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. இப்போது அந்த அக்கா ஒயரைத் தொடுவதே இல்லை. "ஆசையாகச் செய்தேன், அதையே எனக்குப் பூட்டாக்கிவிட்டார்கள்" என்றார். அந்த வார்த்தையை எங்களால் மறக்க முடியவில்லை.

வீட்டில் இருப்பது வேறு. வீட்டில் அடைபடுவது வேறு. முன்னது நாமே விரும்புவது. பின்னது பிறர் விதிப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கதவு திறந்திருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

ஆகவே அன்பான பெற்றோரே, பொதுத் தேர்வு ஆண்டு என்று எங்கள் ஊசியையும் நூலையும் கதைப் புத்தகங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். தம்பிக்கும் ஓர் ஊசியைக் கொடுங்கள். அறுந்த பொத்தானை அவனே தைக்கட்டும். எங்களுக்கு வீடு பிடிக்கிறது என்பதற்காக எங்கள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

தோழியரே, அடுத்த விடுமுறையிலும் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். சிரிப்பவர்களும் வரலாம். ஒயர் இருக்கிறது; கதையும் இருக்கிறது.