தலைமாட்டில் நிற்பவர் யார்?

எங்கள் பக்கம் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். டாக்டர் எழுதித் தருவது ஒன்று. வெடி ஆபீசில் குழாய்க்குள் அடைப்பது இன்னொன்று. "மருந்து ரூம்ல வேலை" என்று ஒருவர் சொன்னால் அவரைப் பார்மசிஸ்ட் என்று சாத்தூரிலோ சிவகாசியிலோ யாரும் நினைக்க மாட்டார்கள். இந்த இரண்டாவது மருந்து வெடிக்கிற நாளில், முதல் மருந்து தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. 'மயக்க டாக்டர்' என்று நாம் பாதிக் கவனத்தோடு சொல்லிவிட்டுப் போகும் அந்த ஆளைத்தான் கேட்கிறேன்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. இடையில் விட்டவை நிறைய. ஒவ்வொரு முறையும் நடப்பது எங்களுக்கு மனப்பாடம்: நிவாரணத் தொகை, லைசென்ஸ் ரத்து, ஃபோர்மேன் கைது, விசாரணைக் குழு. பிறகு ஒரு வாரம், பத்து நாள் கழித்து உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி: 'சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.'

அந்த மூன்று சொற்களைப் போல வசதியானது வேறில்லை. என்ன சிகிச்சை? யார் கொடுத்தது? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? வெடி ஆபீசில் ஒரு ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணுகிறோம். எண்ண வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் அன்று இரவு தலைமாட்டில் யார் நின்றார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

தீக்காயம் என்றால் தோல் வெந்துபோவது என்று நினைக்கிறோம். மூடிய அறையில் வெடித்தால் ஆள் நெருப்பையும் புகையையும் உள்ளே இழுத்துவிடுகிறார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது பேசுவார், தண்ணீர் கேட்பார், வீட்டு போன் நம்பர்கூடச் சொல்வார். குரல் மட்டும் லேசாகக் கம்மியிருக்கும். மூக்கு முடி கருகியிருக்கும், எச்சிலில் கரி வரும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 99 காட்டும். ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் சாதாரண மீட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த 99-ஐ நம்பி உட்கார்ந்திருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு குழாய் போடப் பார்த்தால் உள்ளே நுழைய வழியே இருக்காது. 'நல்லாத்தானே பேசுறாரு' என்று எல்லோரும் சொல்லும் நேரத்தில், 'இல்ல, இப்பவே ட்யூப் போடணும்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

திரவக் கணக்கும் இப்படித்தான். 60 கிலோ எடை, பாதி உடம்பு வெந்தவர். பார்க்லாண்டு சூத்திரப்படி 24 மணி நேரத்துக்கு 12 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது வெடித்த நிமிஷத்தில், வார்டில் சேர்த்த நிமிஷத்தில் இல்லை. குறைந்தால் சிறுநீரகம் போகும். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். சூத்திரம் ஆரம்பப் புள்ளிதான். மணிக்கு மணி சிறுநீரை அளந்து கூட்டிக் குறைக்கிற கை ஒன்று வேண்டும். குழாய் போடுவதற்காகத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து முதல் நாளில் உதவும். சில நாள் கழித்து அதே நோயாளிக்குக் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுவிடலாம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் படித்தவர் தயங்குகிற அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் பயிற்சி.

என் சித்தி மகள் மயக்கவியல் பிஜி படித்தவள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஒருமுறை சொன்னாள்: "அண்ணே, ஐசியூ போஸ்டிங்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது என்ன தெரியுமா? லேப் ரிப்போர்ட்டைக் கேஸ் ஷீட்ல கோணாம ஒட்டுறது." சிரித்தோம். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. முதல் வருஷத்தில் ஒரு ராத்திரி, கம்மிய குரலோடு ஒருவர் வந்திருக்கிறார். இவளுக்குச் சந்தேகம். சீனியருக்கு போன் போட்டாள். "சாச்சுரேஷன் எவ்வளவு? 99-ஆ? அப்சர்வ் பண்ணும்மா." பண்ணினாள். ரெண்டு மணி நேரம் கழித்து அவள் கையில் குழாயும், கண்முன் வீங்கிய தொண்டையும். "என் கை நடுங்குச்சுண்ணே. பக்கத்துல யாராச்சும் நின்னிருந்தா நடுங்கியிருக்காது." காலையில் அந்த பெட் காலி. கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. சிகிச்சை பலனின்றி.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையனை முதல் மாசமே ராத்திரி ஆன்-காலில் தனியாக விட மாட்டோம். கூட ஒரு சீனியர் இருப்பார். சர்வர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று மறுநாள் யாரையும் திட்டாமல் உட்கார்ந்து எழுதுவோம். அதிகபட்சம் போனால் ஒருவருக்கு பீட்சா ஆர்டர் லேட் ஆகும். பீட்சாவுக்கு இருக்கிற ஒழுங்கு மூச்சுக்கு வேண்டாமா?

ஐசியூ என்ற யோசனையே ஒரு மயக்க டாக்டரிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் பிறந்ததுதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் 100-க்கு 80-க்கு மேல் செத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியலாளர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கலாம் என்று காட்டினார். போதுமான இயந்திரம் இல்லை. சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அன்று ஜெயித்தது, சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் நின்ற கைகள்.

நாம் தலைகீழ். கொரோனாவில் வெண்டிலேட்டர்களை இறக்கினோம். நாட்டின் பல இடங்களில் இயக்க ஆளில்லாமல் அவை மூலையில் கிடந்த செய்தியும் அப்போதே வந்தது. இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஒரு பிஜி மாணவிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பேராசிரியர் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பதை யார் போட்டோ எடுப்பது?

'முதல்ல விபத்தைத் தடுங்க' என்பீர்கள். சரி. ஆனால் தடுக்கிற வரை வெந்தவரை என்ன செய்வது? 'மதுரைக்கு அனுப்பிடலாமே' என்பீர்கள். சிவகாசியிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். தொண்டை வீங்குகிற ஆளைக் குழாய் போடாமல் ஆம்புலன்சில் ஏற்றினால், அது பாதி வழிக்கான டிக்கெட். 'எம்பது பர்சன்ட் எரிஞ்சவங்க எப்படியும் பிழைக்க மாட்டாங்க' என்பீர்கள். நான் பேசுவது நாற்பது பர்சன்ட் எரிந்த அக்காவைப் பற்றி. அவருடைய உயிர்தான் இந்தப் பயிற்சியின் விலை.

விருதுநகருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரே நாளில் தமிழகத்தில் திறந்த 11-இல் ஒன்று. பிஜி மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதியும் நாட்டில் இருக்கிறது. பிறகென்ன? மயக்கவியல் பிஜிகளை அந்த மூன்று மாதத்துக்கு இந்த மண்ணுக்கு அனுப்புங்கள், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில். வேலைப் பளு ஏறும் காலம் அதுதான். சிசேரியன் லிஸ்டில் ஆள் நிரப்ப அனுப்பாதீர்கள். ஐசியூவில் ஒரு ஆசிரியரோடு நிறுத்துங்கள். இரவில் சீனியர் போனில் இல்லாமல் கட்டிடத்துக்குள் இருக்கட்டும். பொம்மையின் தொண்டையில் நூறு தடவை தப்பு பண்ண விடுங்கள், மனிதத் தொண்டையில் பண்ணாமல் இருக்க. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், பிழைத்தவர், இறந்தவர் எல்லோர் கேஸ் ஷீட்டையும் விரித்துவைத்து, குழாய் எத்தனையாவது மணியில் போனது என்று மாணவர் முன்னால் பேசுங்கள்.

முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்கள் அல்ல. காப்பாற்றவும் என்ன ஆச்சு என்று பார்க்கவும் ஓடிப்போனவர்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு யாராவது கத்தினால் ஓடத்தான் தெரியும். ஓடிவந்து அவன் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும் அந்தக் கட்டிலின் தலைமாட்டில், கை நடுங்காத ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஆளை உருவாக்காமல் இனி 'சிகிச்சை பலனின்றி' என்று எழுதாதீர்கள். 'சிகிச்சை கற்பிக்கப்படாததால்' என்று எழுதுங்கள்.